கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள்

தலை அசையக் கூடாது. கண் மட்டும் போக வேண்டும்.

மனநல டாக்டர் ஹெப்சிபாவின் இரண்டு விரல்கள், அவள் முகத்துக்கு ஓர் அடி முன்னால், இடமும் வலமுமாகப் போய் வந்தன.

அவளுக்கு அது வரவில்லை.

பதினோரு வருடமாக ரயில் இன்ஜின் ஓட்டுகிறாள். தண்டவாளத்தை விட்டு நகராதே என்று பழக்கிய கண். விரலை விட்டுவிட்டு எதிர்ச் சுவரில் போய் நின்றது.

"விரலைப் பாருங்க. அந்த நாளையும் மனசுல வச்சுக்கங்க."

வைத்துக்கொள்வதா? இரண்டு மாதமாக அந்தச் சனியன் மனதை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது.

காலை ஏழேகால். மொரப்பூர் தாண்டி ஒரு வளைவு. ஒருவர் சைக்கிளோடு தண்டவாளத்தைக் கடக்கிறார். பின்சக்கரம் மாட்டிக்கொள்கிறது.

அவர் சைக்கிளை விடவில்லை.

விரல் நின்றது.

"பயம் பத்துக்கு எத்தனை?"

"பத்து."

இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே சீனியர்கள் ஒன்று சொல்லித்தருவார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. குறுக்கே ஆள் வந்தால் ஹார்ன் அடி. பிரேக்கைப் போடு. கண்ணை மூடிக்கொள். வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர் ஆகும். பார்த்து என்ன ஆகப்போகிறது?

அவள் முதல் இரண்டையும் செய்தாள்.

பக்கத்தில் இருந்த உதவி ஓட்டுநர் நவநீதன் மூன்றாவதையும் செய்தார். மறுவாரமே வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அவளுக்கோ வீட்டு வாசலில் லாரி ஹார்ன் அடித்தால்கூடக் கை நடுங்குகிறது.

"சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா இந்தத் தொல்லை உண்டாம்மா?" என்றார் ரயில்வே இன்ஸ்பெக்டர் தங்கமாரியப்பன். அவரும் ஒரு காலத்தில் இன்ஜின் ஓட்டியவர், அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். நல்ல மனுஷர்தான். அலுவலகத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது, அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மறுபடி இன்ஜின் ஏற விடமாட்டார்கள்.

பொம்பளைக்கு இது தாங்காதுன்னு அப்பவே சொன்னோமே என்று டிப்போவில் பேசுகிறார்கள். அதை நினைத்தால்தான் அவளுக்கு அழுகையை விட ஆத்திரம் முந்திக்கொள்கிறது.

"மறுபடி போவோமா?"

விரல் ஓடியது. இந்த முறை கண்ணும் ஓடியது.

ஹார்ன். பிரேக். சைக்கிளை விட்டுட்டு ஓடுய்யா என்று கத்துகிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கத்தி என்ன பிரயோஜனம்.

"என்ன வருது?"

"நான்தான் கொன்னேன்னு வருது."

டாக்டர் அதை மறுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"சரி. அதோடயே போங்க."

இடம். வலம். இடம்.

கட்டம் போட்ட சட்டை. கழுத்தில் துண்டு. அவர் நிமிர்கிறார்.

கனவில் எப்போதும் இங்கேதான் அலறி எழுந்துவிடுவாள்.

"கண்ணை நிறுத்தாதீங்க."

நிறுத்தவில்லை.

அவர் வண்டியைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அவளைப் பார்த்தார். நேராக. ஒரு நொடி இருக்கும்.

கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"என்ன வருது?"

"அவர் என்னைப் பார்த்தாரு டாக்டர். நானும் அவரைப் பார்த்தேன்."

"ம்."

"எல்லாரும் கண்ண மூடிக்க, கண்ண மூடிக்கங்கறாங்களே. நானும் மூடியிருந்தா அந்த மனுசன் கடைசியா எதைப் பார்த்திருப்பாரு? வெறும் இரும்பத்தான் பார்த்திருப்பாரு."

டாக்டர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப எத்தனை?"

பொய் சொல்லலாம். இரண்டு என்றால் மறுபடி வண்டி ஓட்டத் தகுதிச் சான்றிதழ் சீக்கிரம் கிடைக்கும்.

"ஏழு" என்றாள்.

"முதல் நாளுக்கு நல்ல இறக்கம். இன்னும் ஆறு, ஏழு வாரம் ஆகும். அவசரப்படாதீங்க. ஆபீஸ் வேலையும் நல்ல வேலைதான்."

"நல்ல வேலைதான். எனக்கு வேண்டாம்."

அங்கேயே உட்கார்ந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு ரெண்டு மாசம் லீவு வேணும்."

"ரெண்டு மாசம் கழிச்சு?"

"வண்டிக்கு வர்றேன்."

"பைத்தியமா உனக்கு? நாளைக்கே இன்னொருத்தன் குறுக்க வந்தா என்ன செய்வே?"

"பார்ப்பேன் சார். யாராச்சும் ஒருத்தர் பார்க்கணும்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தாழ்த்திய குரலில் அவர் கேட்டார்.

"ஏம்மா... இருபத்தாறு வருசம் ஆனதுக்கும் அந்த டாக்டர் வைத்தியம் பாப்பாங்களா?"