பாட்டுக் கேட்க வந்தவள்

வெளிச்சவீட்டைக் கடந்ததும் நல்லரத்தினம் துடுப்பை மெல்ல வலித்தான்.

எதிரே, தோணியின் முன்பலகையில், கூறைச் சேலையோடு அவன் மனைவி அன்னப்பூரணி. மணமாகி மூன்று மாதம். தலைவாரிப் பூ வைத்தது அவன்தான். பழக்கமில்லாத கை, வகிடு கோணிப் போயிற்று.

நிலவிலே பட்டினத்தைக் காட்டு என்று கல்யாணத்தன்றே கேட்டவள் அவள். வாவியின் மேற்குக் கரையில், வயல் சூழ்ந்த பழுகாமத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மட்டக்களப்புப் பட்டினம் வெறும் பேச்சாகவே இருந்தது. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தவன் இன்றுதான் தோணியில் ஏற்றியிருந்தான்.

வழியெல்லாம் காட்டிக்கொண்டே போய், விடியுமுன் பழுகாமத்தில் அவளைத் தாயிடம் சேர்த்துவிட வேண்டும். இடையில் இராணுவத்தின் ரோந்துப் படகு. அதைத் தாண்டிவிட்டால் போதும்.

பட்டினம் புகைந்துகொண்டிருந்தது. மத்தியானம் தெருவில் ஒரு கண்ணிவெடி வெடித்தது. அதன்பின் படையினர் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டார்கள். கரையோரத்தில் இரண்டு கடைகள் இன்னும் எரிந்தன. கல்லடிப் பாலத்தின் தூணில் ஒரு பிணம் முட்டுவதும் விலகுவதுமாக மிதந்தது. பாலத்துக் காவலரணில் நின்ற ஒருவன் கூறைச் சேலையைக் கண்டு விசிலடித்தான். நல்லரத்தினம் அவனுக்குக் கைகாட்டிவிட்டு, பிணத்தை விலக்கி வலித்தான்.

“அங்கால பாராத புள்ள. இந்தா, கோட்டை. பறங்கி கட்ட, ஒல்லாந்தன் புடிச்சது. அந்தா, மாதா கோயில் கோபுரம்.”



கோட்டைச் சுவரின் நிழல் முடியும் இடத்தில் மோட்டார்ச் சத்தம் கேட்டது.

அவன் வலிப்பதை நிறுத்தினான். இரண்டாவது துடுப்பை நீரில் செங்குத்தாக இறக்கி, ஒருபுறம் சாய்ந்திருந்த அவள் காதோடு அதன் தலையைச் சேர்த்து வைத்தான். பூரணை இரவில் இந்த வாவியின் மீன்கள் பாடும். துடுப்பின் தலையில் காதை வைத்தால் கேட்கும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அசையக் கூடாது. வாய் திறக்கவே கூடாது. புதுமணத் தம்பதிகள் இதற்கென்றே தோணி ஏறுவது படையினருக்கும் தெரியும்.

படகு வந்து தோணியை உரசி நின்றது. டோர்ச் வெளிச்சம் முதலில் அவள் முகத்தில் விழுந்தது. பிறகு அவன் முகத்தில்.

“நாங்க இன்னைக்கு ஏழு புலி சுட்டது. நீ பாட்டு கேக்க வந்தது?”

பதில் சொல்ல வாயெடுத்தான். துவக்குப் பிடி அந்த வாயிலேயே இறங்கியது. இரண்டு பற்கள் நாக்கின்மேல் உதிர்ந்தன. துப்பினால் அதுவும் ஒரு குற்றமாகலாம் என்று விழுங்கினான்.

இன்னொருவன் அவன் தலைமயிரைப் பற்றி நீருக்குள் அமுக்கினான். நெஞ்சு வெடிப்பதுபோல் இருந்தது. உடம்பெல்லாம் துடித்தது, வலது கால் மாத்திரம் துடுப்பின் தண்டை முன்புறத்து அணியத்தோடு நெருக்கிப் பிடித்தபடி இருந்தது. துடுப்பு நழுவக் கூடாது.

மூன்று தரம் அமுக்கினார்கள். மூன்றாந் தரம் இரத்தமும் உப்புநீருமாகக் கக்கினான்.

“உன்னை அடிக்கிறது. பொண்டாட்டி அழல்லையே?”

“என்னோட கோவம், மாத்தயா. மூணு மாசமாக் கேட்டவ. இண்டைக்குத்தான் கூட்டி வந்தன்.”

படகிலிருந்த மற்றொருவன் தன் மொழியில் ஏதோ சொன்னான். தன் வீட்டுக்காரியைப் பற்றியதாக இருக்க வேண்டும், எல்லோரும் சிரித்தார்கள்.

அடித்தவன் மட்டும் சிரிக்கவில்லை. துவக்கை நீட்டி, அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, தோணியின் விளிம்பில் வெடி வைத்தான். மரம் சிதறிச் சிராய்கள் அவள் பூவில் தெறித்தன.

அவள் இமை அசையவில்லை.

டோர்ச் தாழ்ந்தது. “பயமில்லாத பொண்ணு,” என்றான் அவன். அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. படகு திரும்பிப் போயிற்று.

சத்தம் முற்றாக அடங்கும்வரை நல்லரத்தினம் காலை எடுக்கவில்லை. அதன்பின் வாயிலிருந்து இரத்தம் வழிய வழிய, ஓரிடத்திலும் நில்லாமல் வலித்தான்.

நிலவு சரியும் வேளையில் பழுகாமத்துக் கரை தெரிந்தது. மாமியார் சீதேவிப்பிள்ளை முழங்காலளவு நீரில் நின்றாள். செய்தி மாலையே வந்துவிட்டிருந்தது. தன் அழுகை அக்கரைக்குக் கேட்டுவிடுமென்று முந்தானையை வாய்க்குள் அடைத்திருந்தாள்.

அவன் அன்னப்பூரணியின் இடுப்பை முன்பலகையோடு பிணைத்திருந்த வலைக்கயிற்றை அவிழ்த்தான். மத்தியானம், வாசலில் சுடப்பட்டு விழுந்தவளை, உடம்பில் சூடு இருக்கும்போதே, சுவரோடு சாய்த்துக் கால்களை மடித்து இருத்தியிருந்தான். விட்டிருந்தால் படையினர் அவளையும் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவள் புலி என்று எழுதிய தாளில் அவன் ஒப்பமிட்டால்தான் உடல் கிடைத்திருக்கும்.

இருவருமாகத் தூக்கிக் கரையில் இறக்கினார்கள். அவன் மண்டியிட்டு அந்தக் கால்களை நீட்டிவிடப் பார்த்தான்.

சீதேவிப்பிள்ளை வாயிலிருந்து சேலையை எடுத்தாள்.

“நீட்டாதிங்க மகன், முறிஞ்சிரும். இருந்தாப்பிலயே வைப்பம். கிடங்கைக் கொஞ்சம் ஆழமா வெட்டச் சொல்றன்.”