நாய் தொடாத அடை

அர்ரே என்னும் மலையின் அடிவாரச் சதுப்பில், காய்ந்தால் விறகாய் எரியும் சேற்றுக்கட்டிகளை வெட்டிக்கொண்டிருக்கிறோம். பாதிரியாரின் ஆள் ஒரு கறுப்பு நாயைக் கயிற்றில் இழுத்து வருகிறான். செத்தும் அடங்காதவரின் ஆவியை நாய்க்குள் ஏற்றி இந்தச் சேற்றில் அமிழ்த்துவது எங்கள் வழக்கம். யாருடைய ஆவி என்று கேட்கக் கூடாது, பார்க்கவும் கூடாது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்தி வெயிலில் மண்வெட்டிகள் மட்டும் மின்னுகின்றன. நாயின் மூச்சிரைப்பு எங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஓரக்கண்ணால் பார்க்கிறேன். போன மாதம் புருஷனைப் புதைத்த அசெனோரின் பாவாடையை முகர்ந்து வாலாட்டுகிறது அது. அவள் கொழுந்தன் ரிவாலைக் கண்டதும் உறுமுகிறது. “பசி போல,” என்று சிரித்தபடி ரிவால் தன் அடையில் பாதியைப் பிய்த்துப் போடுகிறான். நாய் முகர்ந்துவிட்டுப் பின்வாங்குகிறது. அசெனோர் மெல்ல நிமிர்கிறாள். “அவரு கடைசியா தின்னதும் நீ கொண்டாந்த அடதானே, தம்பி?”