அவர் நம்பிய சேதி

லிஃப்ட் மெக்கானிக்குக் கயிறு அறுந்துவிடுமோ என்று பயந்தே பழக்கம். எதைக் கேட்டாலும், "இது விளங்காது" என்பார். அவர் மனைவி நேர்மாறு. எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய டெஸ்ட் ரிசல்ட்டைக் கேட்கப் பயந்து அவர் வராந்தாவிலேயே நின்றுவிட்டார். டாக்டர் அறையிலிருந்து அவள் சிரித்தபடி வந்தாள்.

"மாத்திரையிலேயே சரியாயிடுமாம்."

"நிஜமாவா?"

"நல்ல சேதின்னா உங்களுக்கு நம்பவே பிடிக்காதே!"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் நம்பினார். ஆஸ்பத்திரிப் படியிலேயே திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

"கடல் பாக்கணும்னு ரொம்ப நாளா கேக்குறியே. நீ நல்லாத் தேறிக்கோ. அடுத்த வருஷம் ஜம்முனு போயிட்டு வரலாம்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வாரமே போயிடலாங்க. பொண்ணையும் கூட்டிட்டுப் போலாம்."

"அவளுக்குப் பரீட்சை நடக்குதே, மறந்துட்டியா?"

"பரவால்ல. பரீட்சையை அவ அடுத்த வருஷம்கூட எழுதிக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் கையை இறுக்கிப் பிடித்தார்.

"போலாம். நாளைக்கே போலாம்."

டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் மறுபடி கேட்கவே இல்லை.