நாலாவது கம்பி

தெருமுனையில் அந்த மோட்டார் சைக்கிள் தலை காட்டியதுமே, மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குள் போய் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஆளைக் கண்டு ஒளிகிற பழக்கம் அவருக்கு இருந்ததே இல்லை.

"அண்ணே! நீங்க உள்ள போனதைப் பாத்துட்டேன். வாங்க."

வெளியே வந்தார். கோணல் சக்கரம் உரச உரச, அவ்வளவு தூரமும் அந்தப் பெண் தனியாகவே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். ஒரே மிதியில் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினாள். அவள் கையில் மாவுக்கட்டு அவிழ்த்த இடம் இன்னும் வெளுத்துக் கிடந்தது.

"மூணு மாசமா வாசல்லயே நிக்குது. மாமனார் தினமும் இதைத் துடைச்சுத் துடைச்சு அழறாரு. ஓடற மாதிரி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா என் தம்பி எடுத்துட்டுப் போயிடுவான்."

மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முன் சக்கரத்தில் ஒன்பது ஸ்போக்ஸ் கம்பிகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எது முதலில் அறுந்தது என்று எந்தக் கம்பியும் சொல்லவில்லை.

"எப்படிம்மா ஆச்சு?" கேட்கக் கூடாது என்றுதான் இருந்தார். வாய் கேட்டுவிட்டது.

"வளைவுல மணல் கொட்டிக் கிடந்துச்சு. பிரேக்கைப் பிடிச்சதும் சறுக்கிடுச்சு. எங்க வீட்டுக்காரருக்குத் தலை போய் கல்லுல..."

"மணல் இல்லம்மா. நான்தான் காரணம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கு மொத நாள் உன் வீட்டுக்காரரு இந்தச் சக்கரத்தைத்தான் கொண்டாந்தாரு. நாலு கம்பி மாத்தணும். என்கிட்ட மூணுதான் இருந்துச்சு. அவரு அவசரம்னு நின்னாரு. நாலாவதுக்குப் பழசையே நிமித்தி மாட்டி அனுப்பிட்டேன். ஒரு கம்பிதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு..."

செய்தி வந்த நாளிலிருந்து அவர் ஒரு சக்கரத்தையும் தொடவில்லை. கம்பி மாற்ற வருகிறவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார். கேட்ட மனைவியிடம், கண் சரியாகத் தெரியவில்லை என்றார்.

"அதனால இல்லண்ணே. சக்கரம் துளிக்கூட ஆடல. கல்லு மாதிரி நின்னுச்சு. நீங்க நல்லாத்தான் மாட்டியிருந்தீங்க."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற."

"சத்தியமா இல்லண்ணே."

"சும்மா இரும்மா!" கத்தியவர், உடனே குரல் உடைந்து போனார். அழுக்குத் துணியால் முகத்தைத் துடைக்க, கன்னமெல்லாம் கிரீஸ் ஈஷிக்கொண்டது. "முப்பது வருசமா இந்த வேலை பாக்கறேன். முன் சக்கரம் ஆடுதா இல்லையான்னு ஹேண்டில் பிடிச்ச கைக்குத்தான் தெரியும். பின்னாடி உக்காந்திருந்தவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவரு போய்ச் சேந்துட்டாரு. நான் இனி யாரைப் போய்க் கேப்பேன்?"

அவள் புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துச் சொருகிக்கொண்டு புறப்பட்டாள். தெரு ஓரம் வரை போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் முதுகு காட்டி நின்றாள்.

பிறகு திரும்பி வந்து, எண்ணெய்த் தரை என்றும் பாராமல் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். வெளுத்த கையை நீட்டி வண்டியின் ஹேண்டிலைப் பிடித்தாள்.

"அன்னைக்கு நான் பின்னாடி உக்காரலண்ணே."