பூச்சி தின்னும் செடி

சன்னலில் வெறும் கொக்கிதான் தொங்கியது.

யோகராணி டீச்சர் பயணப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. போரில் மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகு முதல்முறையாக, அம்மாவின் கண் சிகிச்சைக்கென்று லீவு போட்டு யாழ்ப்பாணம் போனவள், ஒன்றரை மாதம் கழித்து இன்றுதான் மலைநாட்டு வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கியிருந்தாள்.

"அக்கா, என்ரை செடி எங்கை?"

வீட்டுக்காரி சுகிர்தம் அடுப்படியில் இருந்தாள். ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளுக்கு இடியாப்பம் அவித்துக் கொடுப்பவள்.

"வந்துட்டீங்களா டீச்சர்? மொதல்ல மொகத்தக் கழுவுங்க."

"எறிஞ்சு போட்டீங்கள், என்ன?"

பாத்திரங்கள்தான் சத்தமிட்டன.

எறிந்திருப்பாள். இரத்தினபுரித் தோழி ஒருத்தி கொடுத்த குடுவைச் செடி அது. இலை நுனியில் குடுவை தொங்கும்; அதற்குள் விழும் ஈயையும் எறும்பையும் கரைத்துக் குடிக்கும். ஆனால் இந்தக் குளிரில் ஒரு வருஷமாக ஒரு குடுவைகூட வைக்கவில்லை. இலை நுனிகள் கருகியதுதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் மயூரதன் சேர் விடாமல் கேட்பார்: "என்ன டீச்சர், உங்கடை செடி இன்னும் பட்டினியோ?"

சுகிர்தமோ செடி வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"உசுரத் திங்கிற செடி வீட்டுக்கு ஆகாது டீச்சர். மாதா படம் இருக்கிற எடம். நீங்க ஊருக்குப் போற அன்னைக்கே தூக்கிக் கடாசிருவேன், பாத்துக்கிட்டே இருங்க."

யோகராணி அடுப்படி வாசலுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "சொன்னதைச் செய்திட்டீங்கள். நான் வேறை அறை பாக்கிறன்."

"தாராளமாப் பாருங்க. அதுக்கு முன்னால இங்க வந்து இந்த மூடியக் கொஞ்சம் புடிங்க. கை சுடுது."

உள்ளே போன யோகராணி மூடியைப் பிடிக்கவில்லை.

இடியாப்பச் சட்டிக்குச் சற்றுத் தள்ளி, ஆவி படுகிற தூரத்தில், கூரைக் கம்பில் தொங்கியது செடி. புதுத் தளிர்கள். மூன்று இலைகளின் நுனியில் பச்சையும் சிவப்புமாக மூன்று குடுவைகள், மூடி திறந்து.

"ஒங்க சன்னல்ல பனிக்காத்து குத்துது. மனுசனே நடுங்குறான், செடி என்ன செய்யும்?"

யோகராணி ஒரு குடுவையை விரலால் தாங்கிப் பார்த்தாள். கனத்தது. உள்ளே நீர் அசைந்தது. மயூரதன் சேரைத் திங்கட்கிழமை இந்த அடுப்படிக்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும். சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை.

"சாப்பாடும் குடுத்தனீங்களோ, அக்கா?"

"பின்ன? தெனம் ஈ புடிச்சுப் போடுறேன். இன்னைக்கு மட்டும் போடல."

"ஏன்?"

"தவக்காலத்து வெள்ளிக்கிழமை டீச்சர். இந்த வீட்டுல யாரும் கவுச்சி திங்கிறதில்ல."