போர்டில் இருக்கும் அம்மா

“எங்கம்மா இன்னிக்கு ஒரு நாள் கல்லாவுல உக்காரணும்” என்றாள் செம்மலர். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கம்பெனிக்காரரிடம் கேட்டுவிடாதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நிலத்தை விற்று, அந்தக் கம்பெனியின் பெயரில் எடுத்த ஓட்டல் கிளை அது. வீட்டில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான் என்பதால் ஒப்பந்தம் அவள் பெயரில் இருந்தது.

கம்பெனிக்காரர் இலையில் பாயசத்தை வழித்தபடி சிரித்தார். “கடை உங்களோடதுதாம்மா. மொகம் எங்களோடது. வெளிய போர்டுல ஒரு அம்மா செவப்பா, பூவும் பொட்டுமா சிரிக்கிறாங்கல்ல? அவங்க சமைச்சதுன்னு நெனச்சுத்தான் ஜனம் உள்ள வருது. ஒங்கம்மாவப் பாத்தா எவன் கை நனைப்பான்?”

அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வாசலில் அம்மா ஸ்டூல் மேல் ஏறி, போர்டில் இருந்தவளின் கன்னத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் துடைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி.

“எறங்கும்மா” என்று செம்மலர் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

“இரு பாப்பா, காதோரம் இன்னும் அழுக்கு இருக்கு.”

அம்மாவை வாசலோடு நிறுத்திய கிளை வேண்டாம் என்று செம்மலர் காலையிலேயே கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தாள். மூடுவதற்குள் அம்மா ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும் என்றுதான் கேட்டாள்.

கடைச் சாவியைக் கம்பெனிக்காரரின் எச்சில் இலையில் வைத்துவிட்டு, ஸ்டூலில் இடிக்காமல் ஒதுங்கி வெளியே நடந்தாள்.