பன்னிரண்டா, இருநூற்றிருபதா?

ஏணி உச்சியில் நின்றுகொண்டு ரமிரோ கேட்டான்.

"பன்னெண்டு வோல்ட்டா, எரநூத்தி இருபதா? இப்பவே சொல்லுங்க. சாயங்காலம் ஜனம் வர்றதுக்குள்ள மாட்டி முடிக்கணும்."

"பன்னெண்டு," என்றான் என் கணவன் அனிபால்.

"எரநூத்தி இருபது," என்றேன் நான்.

ரமிரோ எங்கள் கூடத்துக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன். நீளப் பட்டையில் வரிசையாக விளக்கு வைத்த டிராக் லைட் இரண்டை மாதிரிக்குக் கூரையில் கட்டியிருந்தான். ஒன்று பன்னிரண்டு வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கரண்ட்டைக் குறைத்து எரிவது. மேசைக்கு மேசை சின்ன வட்டமாக வெளிச்சம் விழும். இன்னொன்று இருநூற்றிருபது, லைன் கரண்ட்டிலேயே நேராக எரிவது. கூடம் முழுக்க வெளிச்சம் பரவும்.

போயனஸ் அயர்ஸில் எங்கள் டாங்கோ நடனக் கூடத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச் சுவரோரம். வாய்விட்டு யாரும் யாரையும் ஆடக் கூப்பிடுவதில்லை. ஆண்கள் பக்கமிருந்து ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பிடித்திருந்தால் எழுந்து போகலாம். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

நடத்துகிறவர்களுக்கும் அதே சட்டம்தான். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஆறு மாதமாக அனிபால் என்னைக் கூப்பிடவில்லை.

செலேஸ்தேயைத்தான் கூப்பிட்டான். என் பக்கத்து நாற்காலிக்காரி, என்னைவிட இருபது வயது சின்னவள். பாட்டு மாறியதும் அவள்தான் எழுவாள். அவன் கையணைப்பில் அவள் ஒட்டிக்கொண்டு ஆடுவதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வயிறு எரியுமா, எரியாதா?

வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. கூடத்தில் நடந்ததை வீட்டில் கிளறுவது எங்கள் ஆட்களுக்குக் கேவலம். அந்த வீம்பு எங்கள் இரண்டு பேருக்குமே உண்டு.

கூடத்தில் வெளிச்சம் மங்கிவிட்டது, விளக்கை மாற்று என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வேறு யாரும் குறை சொல்லவில்லை. பளிச்சென்று எரியட்டும், அவன் யாரைப் பார்த்து இளிக்கிறான் என்று என் கண்ணாலேயே பார்த்துவிடுகிறேன். பார்த்துவிட்டால் மறுநாள் காலையில் ரொசாரியோ ஊருக்கு பஸ். அங்கிருக்கும் தங்கையிடம் கட்டில் போட்டு வைக்கச் சொல்லியாகிவிட்டது.

"இருட்டு யாருக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம்," என்று முணுமுணுத்தான் அனிபால். "இருக்கிற விளக்குக்கு என்ன கேடு, கிழவி?"

கல்யாணமான நாளிலிருந்தே அவனுக்கு நான் கிழவிதான். அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது.

"போய் உன் நாற்காலியில உட்காரு. என்னை ஆடக் கூப்பிடு. எந்த வெளிச்சத்துல நல்லாத் தெரியுதோ அதையே மாட்டட்டும்."

"கூப்பிட்டா மட்டும் வந்துடப் போறியா?"

திமிரைப் பாருங்கள். நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் பன்னிரண்டு வோல்ட். அவன் மேசைமேல் வட்டமாக ஒரு வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. டிரான்ஸ்ஃபார்மர் கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. ஒன்றும் தெரியவில்லை, அணை என்றேன்.

அடுத்தது இருநூற்றிருபது. கூடம் பளீரென்றது. கண் கூசியது. கூசினாலும் பரவாயில்லை என்று எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனிபாலின் வெள்ளைச் சட்டை நேராக உட்கார்ந்திருந்தது. அசையவில்லை.

காத்திருந்தேன்.

இங்கே செலேஸ்தேகூட இல்லை. நான் ஒருத்திதான். விளையாட்டுக்காகவாவது ஒரு தலையசைப்பு, அதற்குக்கூட அவனுக்கு மனசு வரவில்லை. முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவன்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு முன்னால் அழக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பார்த்தியா ரமிரோ?" என்றான் அனிபால். "ஆறு மாசமா இதே கூத்துதான். என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருப்பா, அப்புறம் இப்படித் திருப்பிக்குவா. என்னைப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கலாம்ல?"

நாற்காலி நகர்ந்தது. அவன் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான் என்று தெரிந்தது.

ஏணியில் இருந்தவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, மனுஷன் மூணு தடவை தலையாட்டிட்டாரு. கழுத்தே சுளுக்கிக்கும் போல. ஒரு தடவை எழுந்து போனா குறைஞ்சா போயிடுவீங்க?"

மூன்று தடவையா?

திரும்பிப் பார்த்தேன். சட்டை தெரிந்தது. அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு. இத்தனை நாளும் பல்பின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்த அதே வெளுப்பு.

என்னைப் பார்த்துத்தான் அவன் தலையாட்டியிருக்கிறான், ஒவ்வொரு ராத்திரியும். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறேன். தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று பக்கத்திலிருந்தவள் எழுந்து போயிருக்கிறாள். எழுந்து வந்தவளைத் திருப்பி அனுப்புகிற ஆள் இல்லை அனிபால்.

பயத்தில் விளக்கை அணைத்துவிடச் சொல்லலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

"அனிபால், உன் முகம் எனக்குத் தெரியல," என்றேன். "இவ்வளவு வெளிச்சத்துலயும் தெரியல."

கோட் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவன் ஷூ சத்தம், சுவரோரமாகச் சுற்றாமல், கூடத்தின் நடுவாகவே என்னை நோக்கி ஓடி வந்தது.